கல் நட்ட கரைகள்: வன்னியில் ஆறு நாட்கள்

பெப்ரவரி 6, 2025, வியாழன் – வவுனியா

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்குப் பதினான்கு ஆண்டுகளாகப் புவியியல் கற்பித்து வருகிறேன். ஈரநிலங்கள் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் புந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து என்று உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாகப் பட்டியலிடப்பட்ட இலங்கையின் ஆறு ராம்சார் தலங்களையும் கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் அவற்றை ஆண்டோடு சேர்த்து மனப்பாடம் செய்வார்கள். சென்ற ஆண்டு, முழங்காவில் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் மாணவி ஒருத்தி எழுந்து, "ரீச்சர், இதுகளை அறிவிக்கேக்கை அங்கை இருக்கிற சனத்திட்டை ஆராவது கேட்டவையோ?" என்றாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு புறப்பட்டதற்கு அந்தக் கேள்வியே காரணம்.

முதல் நாள் பெரியம்மாவின் ஊரில் தங்கினேன். வவுனியா நகரிலிருந்து நெடுங்கேணி நோக்கிப் போகும் பாதையில் உள்ளே இறங்கினால் ஒரு சிறு குளமும் அதன் கீழே முப்பது நாற்பது ஏக்கர் வயலும் இருக்கின்றன. தைப்பனி தரையைத் துளைக்கும் என்பதை விடியற்காலையில் குளக்கட்டில் நின்றபோது உணர்ந்தேன். பெரியப்பா கையை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார்: மேலே காடு, காட்டோரம் நீர் ஏறி இறங்கும் அலைகரை, பிறகு குளம், கட்டு, கட்டின் நடுவே நீர் திறந்துவிடும் துருசு, ஓரத்தில் மிகைநீர் வழியும் வான், கீழே வயல், வயலில் கழிந்த நீர் போய்ச் சேரும் அடுத்த குளம். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் இறங்கும் இந்தத் தொடர்குளங்களை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. பெரியப்பாவுக்கு அந்தச் செய்தி புதிது. ஆனால் அலைகரையில் மரம் தறித்தால் மண் வழிந்து குளம் தூர்ந்துவிடும் என்பதும், எல்லாக் குளத்தையும் ஒரே நாளில் திறந்தால் கடைசிக் குளத்துக் கட்டு உடையும் என்பதும் அவருக்குப் பத்து வயதிலிருந்தே தெரியும். அதே பெரியப்பா, கோடையில் நீர் வற்றியதும் அந்த அலைகரையிலேயே கௌபி விதைக்கிறார் என்பதையும் எழுதத்தான் வேண்டும். கேட்டபோது அவர் மறைக்கவில்லை. "எல்லாரும் விதைக்கேக்கை நான் மட்டும் பாத்துக்கொண்டு நிக்கிறதோ, பிள்ளை?" என்றார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் விரால் கருவாட்டுக் குழம்பும். தேங்காய் ஒன்று 210 ரூபா விற்பதால் பெரியம்மா சம்பலைக் குறைத்திருந்தார். அதற்காக என்னிடம் இரண்டு முறை வருத்தம் தெரிவித்தார்.

பெப்ரவரி 7, வெள்ளி – கட்டுக்கரைக் குளம்

மன்னார் பேருந்து முருங்கனைத் தாண்டும்போதே வலப்பக்கம் வெளிச்சம் மாறிவிடுகிறது. கட்டுக்கரையைக் குளம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கரை தெரியாத நீர். 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டுவித்ததாகச் சொல்லப்படும் இக்குளத்துக்கு அருவியாற்று நீர் தேக்கம் என்னும் இடத்திலுள்ள அணையிலிருந்து வருகிறது. இதன் வாய்க்கால்கள் நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களை நிரப்பிக்கொண்டு போய் 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயலை நனைக்கின்றன. மன்னாரின் நெல் என்றால் அது பெரும்பாலும் இந்த நீரே.

1954இல் இக்குளம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இது பாதுகாக்கப்பட்ட இடம். ஆனால் கட்டில் நின்று பேசிய நால்வரில் மூவர், "சரணாலயமா? இது எங்கட குளம்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். நான் முதலில் இதை அறியாமை என்று எண்ணினேன். மாலையாகும்போது அந்த எண்ணம் மாறிவிட்டது. சரணாலயம் என்ற வகையில் மக்கள் தங்கள் வழமையான வேலைகளைத் தொடரச் சட்டம் இடம் கொடுக்கிறது. துருசு திறப்பதும், மாடு நீர் குடிப்பதும், வலை வீசுவதும் 1954க்கு முன் எப்படி நடந்தனவோ அப்படியே நடக்கின்றன. பாதுகாப்பு அவர்களுடைய வாழ்க்கையில் குறுக்கே வராததால் அதன் பெயரை அவர்கள் அறிந்திருக்கவில்லை. அதைவிட நல்ல பாதுகாப்பு வேறென்ன இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது.

பறவைகளைப் பற்றி அவர்கள் பேசியவிதம் என்னை நிற்க வைத்தது. ஊசிவால் வாத்துகள் கூட்டமாக வந்து விளைந்த கதிரை மிதிப்பதால் இரவில் வெடி போட்டு விரட்டுவதாக ஒருவர் சொன்னார். உடனே பக்கத்தில் நின்ற முதியவர், கொக்கும் நாரையும் உழுத வயலில் இறங்கினால் புழுவும் நண்டும் குறையும், அவற்றை விரட்டுவதில்லை என்று திருத்தினார். பறவை என்று பொதுவாக ஒன்றை அவர்கள் நேசிக்கவுமில்லை, வெறுக்கவுமில்லை. எந்தப் பறவை, எந்த மாதம், எந்த வயல் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். என் பாடக்குறிப்பில் இந்தக் கணக்குக்கு இடமே இல்லை.

கட்டோரத்தில் ஐயனார் கோவில் ஒன்றில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. துருசு திறக்கும் முன் இங்கே பொங்கிப் படைக்காமல் வாய்க்காலில் நீர் விடுவதில்லை என்றார்கள். கட்டுக்கரைப் பகுதியில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் நடந்த அகழாய்வில் சுடுமண் உருவங்கள் வெளிப்பட்டது நினைவுக்கு வந்தது. குளத்தையும் தெய்வத்தையும் பிரித்துப் பார்க்காத பழக்கம் இங்கே மிகப் பழையது.

மதியம் வீதியோரக் கடையில் சோறும் ஜப்பான் மீன் பொரியலும், 450 ரூபா. ஜப்பான் மீன் என்று நாம் சொல்லும் திலாப்பியா இந்நாட்டு மீனே அல்ல. 1952இல் கொண்டுவந்து விடப்பட்டது. இன்று வன்னிக் குளங்களில் வலை போடும் குடும்பங்களின் அன்றாட வருமானம் பெரும்பாலும் அதுதான். கடைக்கார அம்மா ஒரு துண்டு கூடுதலாக வைத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார்.

பெப்ரவரி 8, சனி – வங்காலை, விடத்தல்தீவு

வங்காலைச் சேற்றுத் தரையில் காலை ஆறரைக்கு நின்றேன். 4,839 ஹெக்டேர், 2008இல் சரணாலயம், 2010இல் ராம்சார் தலம் என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! அந்த எண்கள் இந்த மணத்தைச் சொல்லவில்லை: உப்பும் அழுகிய பாசியும் மாட்டுச் சாணமும் கலந்த மணம். தூரத்தில் பூநாரைகள் ஒரு வெளிர் சிவப்புக் கோடாக நின்றன. அவற்றுக்கும் எனக்கும் நடுவே ஒரு மனிதர் மாடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். மாடு நெருங்கினால் பூநாரை பறப்பதில்லை, நாய் நெருங்கினால் கூட்டமே எழும்பிவிடும் என்று அவர் சொன்னார். அவருக்கு இது மேய்ச்சல் நிலம், மாரியில் ஆறு மாதம் புல் தரும் நிலம். 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையும் வேலி போடச் சொல்லவில்லை. அறிவோடு பயன்படுத்தச் சொல்கிறது. இதை நான் அவருக்கு விளக்கியபோது, "அப்ப சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டின் பின்னால் போய்விட்டார்.

விடத்தல்தீவில் நிலைமை வேறு. 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்ட கண்டல் காடும் சேற்று நிலமும் ஆழமற்ற கடலும் சேர்ந்த பெரும்பரப்பு இது. 2024 மே மாதத்தில் அதில் 168 ஹெக்டேரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக ஒதுக்கிடத்திலிருந்து விடுவிக்கும் அறிவித்தல் வெளியாக, வழக்குத் தொடரப்பட்டு உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தபோது எனக்கு இது காட்டைக் காப்பவர்களுக்கும் அழிப்பவர்களுக்கும் நடக்கும் வழக்காகவே தெரிந்தது. கரையில் அப்படி எளிதாக இல்லை.

வலை பொத்திக்கொண்டிருந்த எழுபது வயதுக்காரர் ஒருவர், நைலோன் வராத காலத்தில் கண்டல் பட்டையை அண்டாவில் அவித்து அந்தச் சாயத்தில் பருத்தி வலையை ஊறவைத்ததை விவரித்தார். பட்டை உரிப்பதற்கும் முறை இருந்ததாம்: ஒரு மரத்தில் ஒரு பக்கம் மட்டும், சுற்றி உரித்தால் மரம் பட்டுவிடும். இன்று கண்டலைத் தொடுவது குற்றம் என்று அவருக்குத் தெரியும். அதை அவர் எதிர்க்கவுமில்லை. நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் அந்த வேருக்குள்தான் வளர்கின்றன என்பதால் கண்டல் நிற்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. "ஆனால் தம்பிமார் என்ன செய்யிறது?" என்று அவர் கேட்டதற்கு அவருடைய மருமகன் பதில் சொன்னார். படித்த பிள்ளைகள் கடலுக்கு இறங்க மாட்டார்கள், ஒரு பண்ணை வந்தால் இருபது பேருக்கு மாதச் சம்பளம் கிடைக்கும் என்பது அவருடைய வாதம். மாமனார் அதற்கு, பண்ணைக் கழிவுநீர் களப்புக்குள் வந்தால் நண்டு போய்விடும், நண்டு போனால் இருநூறு வீடு போய்விடும் என்றார். இருவரும் குரலை உயர்த்தவில்லை. நான் மாமனார் பக்கம் நிற்கிறேன். ஆனால் மருமகனின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதையும் உணர்ந்தேன்.

இருவரும் உடன்பட்ட விடயம் ஒன்று உண்டு. ஒதுக்கிடம் அறிவித்தபோதும் தங்களைக் கேட்கவில்லை, விடுவிக்கும்போதும் கேட்கவில்லை என்பதே அது.

திரும்பி வரும்போது சேற்றில் இடது கால் முழங்கால் வரை இறங்கி, செருப்பு உள்ளேயே போய்விட்டது. அந்த வீட்டுப் பெண்பிள்ளை தன் செருப்பைக் கழற்றித் தந்துவிட்டு வெறுங்காலுடன் நடந்தாள். எவ்வளவு சொல்லியும் திரும்ப வாங்கவில்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு – பூநகரி வழியாகக் கிளிநொச்சி

ஏ32 வீதியில் வடக்கே போகும்போது முழங்காவிலில் பேருந்தின் சக்கரம் வெடித்து ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றோம். கிளிநொச்சியை அடைந்தபோது நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோயிருந்தது; பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று ஏறியதே காரணம் என்று பின்னர் அமைச்சர் அறிவித்தார். வங்கி இயந்திரம் இயங்கவில்லை, தங்கிய இடத்தில் நீர் இறைக்க வழியில்லை. கிணற்றில் வாளியால் அள்ளிக் குளித்தேன். களைப்பில் எதையும் எழுத முடியவில்லை.

பெப்ரவரி 10, திங்கள் – இரணைமடு

1902இல் தொடங்கி 1920இல் கட்டி முடிக்கப்பட்ட குளம். கனகராயன் ஆற்றை மறித்து நிற்கிறது. மாரி மழையோடு விதைக்கும் காலபோகத்தின் அறுவடை பாதி முடிந்திருந்தது. வீதியின் ஒரு கரையில் நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்ததால் பேருந்தே ஒதுங்கிப் போயிற்று. ஆட்டக்காரி நெல்லின் விலையைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். சென்ற நவம்பர் வெள்ளத்தில் பயிர் அழுகியவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு அமைதியாக இருந்தார்கள்.

கமக்காரர் அமைப்பொன்றின் முன்னாள் செயலாளர் என்னை வரவேற்று, பிளேன்ரீ தந்து, எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றதும் ஒரு கணம் நிறுத்தி, "தண்ணி கேட்டு வரேல்லைதானே?" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இருக்கவில்லை. இரணைமடு நீரைக் குழாய் வழியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு வந்தபோது இங்குள்ள கமக்காரர்கள் எதிர்த்தார்கள். அக்காலத்தில் என் வீட்டுக் கிணறு ஆடியில் உவர்த்துக் கிடந்ததால் அவர்களை மனத்துக்குள் குறை சொன்னவர்களில் நானும் ஒருத்தி. பின்னர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாழையடியில் அமைந்து 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் அதன் கொள்ளளவு.

அவர் விளக்கிய பிறகே அந்த எதிர்ப்பின் உள்ளே இருந்தது எனக்குப் புரிந்தது. காலபோகத்தில் ஏறத்தாழ 21,000 ஏக்கர் விதைக்கும் இந்தக் குளத்தில், கோடையில் விதைக்கும் சிறுபோகத்துக்கு அந்த அளவு நீர் ஒருபோதும் இருப்பதில்லை. மழை ஓய்ந்த பின், குளத்தில் நிற்கும் நீரை அடி அடியாக அளந்து, மாவட்டச் செயலகத்தில் கூட்டம் கூடி, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று தீர்மானிக்கிறார்கள். பிறகு அந்த ஏக்கர் பங்காகப் பிரிகிறது. வாய்க்காலின் தலையில் காணி உள்ளவர் தன் வயலில் ஒரு பகுதியைக் கடைக்கோடிக்காரருக்கு அந்தப் போகத்துக்கு விட்டுக் கொடுக்க வேண்டும். சண்டை வரும், திருட்டுத்தனமாகக் கூடுதலாக விதைப்பவர்களும் உண்டு, வழக்கும் நடக்கும். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் பங்கு பிரிக்கிறார்கள். தன் வயலையே விட்டுக் கொடுத்துக் காக்கும் நீரை, அந்தக் கூட்டத்தில் உட்காராத எவரோ வரைபடத்தில் குழாய் போட்டுக் கொண்டுபோவது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. குளத்துக்கு நீர் கொண்டுவரும் ஆற்றுப் படுக்கையில் டிப்பர் டிப்பராக மணல் அள்ளப்படுவதைப் பற்றிக் கேட்டபோது அவர் தலையைக் குனிந்தார். அள்ளுபவர்கள் வெளியாட்கள் என்று முதலில் சொன்னவர், சற்று நேரம் கழித்து, எங்கள் பிள்ளைகளும் ஓடுகிறார்கள் என்றார். வயலுக்கு அடிக்கும் களைநாசினி கழிவாய்க்கால் வழியே எங்கே போகிறது என்ற கேள்விக்கு, வடக்கே ஆனையிறவுக் களப்புப் பக்கம் கையைக் காட்டினார். அந்தக் களப்பின் கிழக்கே சுண்டிக்குளம் இருக்கிறது. 1938இல் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவானது. சரணாலயத்தில் வழமைபோல் நுழைந்தவர்கள், பூங்காவானதும் அனுமதிச் சீட்டோடு நுழைய வேண்டியவர்களானார்கள். அங்கே மீன் பிடிக்கும் உறவினர் ஒருவரையும் அதிகாரிகள் நட்ட எல்லைக் கல்லையும் பற்றி அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே குறித்துக்கொண்டேன்: "குளம் எங்கட, கல்லு அவையின்ர."

பெப்ரவரி 11, செவ்வாய் – நந்திக்கடல்

வட்டுவாகல் பாலத்தில் இறங்கி நடந்தேன். ஒருபுறம் களப்பு, மறுபுறம் கடலை நோக்கிய வாய். 2009 மே மாதத்தில் பல்லாயிரம் மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்த பாலம் இது. இங்கே வந்து பறவைகளை எண்ண எனக்கு மனம் வரவில்லை. 2017இல் நந்திக்கடலும் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தலில் உள்ள எல்லைகளைப் பார்த்தால் நீரும் சேறும் கண்டலும் மட்டுமே தெரியும். இந்த மக்களுக்கு இது தங்கள் உறவினரைத் தேடும் கரை. அதைச் சொல்லாமல் இங்கே ஈரநிலத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவது அவர்களை அவமதிப்பதாகும் என்று நினைக்கிறேன்.

வற்றாப்பளைப் பக்கத்தில், முன்பே தொலைபேசியில் பேசியிருந்த ஒரு வீட்டுக்குப் போனேன். அன்று தைப்பூசம். புது நெல்லைக் குத்திப் புதிர் எடுக்கும் நாள் என்பதால் வீடு முழுவதும் மெழுகிக் கோலமிட்டிருந்தார்கள். மீன்பிடிக் குடும்பமாக இருந்தும் அன்று வலை இறங்கவில்லை, அடுப்பில் மீனும் ஏறவில்லை. நந்திக்கடல் இறாலின் சுவையைப் பற்றி வீட்டுக்காரர் அரை மணி நேரம் பேச, நான் புதுச் சோற்றையும் பருப்பையும் கத்தரிக்காய்க் குழம்பையும் எருமைத் தயிரையும் சாப்பிட்டேன். அந்தத் தயிருக்காகவே இன்னொரு முறை வருவேன்.

களப்பின் வாயை எப்போது வெட்டுவது என்பதே இந்த ஊரின் பெரிய கேள்வி. கோடையில் கடல் மணலைக் குவித்து வாயை மூடிவிடும். மாரியில் களப்பு நிரம்பி, கரையோர வயல்களுக்குள் நீர் ஏறும்போது, வயல்காரர்கள் வாயை உடனே வெட்டச் சொல்வார்கள். வலைகாரர்களோ இன்னும் சில நாள் பொறுக்கச் சொல்வார்கள்; அவசரப்பட்டு வெட்டினால் வளராத இறால் எல்லாம் நீரோடு கடலுக்குப் போய்விடும். ஆனால் வெட்டாமலும் இருக்க முடியாது. இறால் கடலில் முட்டையிட்டு, அதன் குஞ்சு வாய் வழியே களப்புக்குள் நுழைந்து வளர்வதால், வாய் திறக்காத ஆண்டில் மறு ஆண்டுக்கு இறால் இல்லை. இரண்டு பக்கமும் பேசி ஒரு நாளைக் குறிப்பதுதான் வழக்கம். சில ஆண்டுகளில் பேச்சு முறிந்து, இரவோடிரவாக யாரோ வெட்டிவிடுவதும் உண்டு என்றார்.

களப்பு ஆண்டுக்காண்டு சேறு நிரம்பி ஆழம் குறைந்து வருகிறது. தூர்வார வேண்டும் என்பது அவர்களுடைய நீண்ட காலக் கோரிக்கை. ஒதுக்கிடமான பிறகு அதற்கும் பல இடங்களில் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. மெல்லிய ஒற்றை நைலோன் இழையாலான தங்கூசி வலை தடைசெய்யப்பட்டது என்று தெரிந்தும் இரவில் சிலர் போடுவதை அவரே கோபத்தோடு சொன்னார். "அதைப் பிடிக்க வரட்டும், நான் வந்து காட்டுறன், வருகினம் இல்லை. கல்லு நட மட்டும் வருகினம்." அவருடைய மனைவி இடையில் வந்து, அண்ணை, அக்கா என்று வந்து கேட்டிருந்தால் கல் எங்கே நடலாம் என்று நாங்களே காட்டியிருப்போமே என்றார். கண்டல் நிற்கும் இடம், இறால் குஞ்சு ஒதுங்கும் இடம், கூழைக்கடா முட்டையிடும் மரம் எல்லாம் எங்களுக்குத்தானே தெரியும் என்று அவர் சொன்னபோது என் குறிப்பேட்டில் இடம் போதவில்லை, பின்னட்டையிலும் எழுதினேன்.

வைகாசிப் பொங்கலுக்கு வரும்படி அழைத்தார்கள். கண்ணகை அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் அந்த நாட்களுக்கு முன்னமே, தீர்த்தம் எடுக்கும் கரையை ஊரே கூடித் துப்புரவாக்கும் என்றார் அவர். அதற்கு எந்த அறிவித்தலும் தேவைப்படுவதில்லை.

மாலை நான்கு மணிப் பேருந்துக்கு வீதிவரை கூட வந்தார்கள். வீட்டுக்கார அம்மா ஒரு பையில் இரண்டு கொத்துப் புது அரிசியைக் கட்டிக் கையில் திணித்தார். பேருந்து நின்றதும் யன்னலருகே வந்து, "புது அரிசி, ரீச்சர். தண்ணியைக் குறைய விடுங்கோ, குழைஞ்சு போகும்" என்றார்.